எதிரே உட்காருபவனுக்கான விளக்குகள்

என் மனைவியின் லேப்டாப்பில் மூன்று இடங்களில் விளக்கு எரியும். கீபோர்டின் அடியில் ஒன்று. மூடியின் வெளிப்பக்கத்தில், கம்பெனி முத்திரைக்குள் ஒன்று. பின்பக்க அடிவிளிம்பில் நீளப் பட்டையாக ஒன்று. முதலாவதை அவள் பார்க்கலாம். மற்ற இரண்டும் வேலை செய்கிறவரின் கண்ணில் படவே படாது. எதிரே உட்கார்ந்திருப்பவனுக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் வீட்டில் எதிரே உட்கார்ந்திருப்பவன் நான்.

அந்த விளக்குகளை எங்கே பொருத்துவது என்று முடிவு செய்த பொறியாளர் யாரோ, மனிதர்களை நன்றாகப் படித்தவர். ஒரு பொருள் அதை வாங்கியவருக்குத் தரும் சந்தோஷம் பாதிதான். மீதிப் பாதி பார்த்துக்கொண்டிருக்கிறவன் வயிற்றிலிருந்து வர வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த வயிற்றுக்கு நேராகத்தான் பட்டையைப் பொருத்தியிருக்கிறார். சாப்பாட்டு மேசையில் நான் குனிந்து எழுதும்போது சட்டையின் நடுப்பொத்தானில் ஊதா, பச்சை, சிவப்பு என்று வெளிச்சம் ஊர்ந்து போகும்.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்யும் ஒரு கம்பெனியின் அலுவலகத்தில் எனக்கு வேலை. மிச்ச நேரத்தில் நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதுகிறேன். அவை நகைச்சுவைக் கட்டுரைகள் என்பது பத்திரிகையில் மேலே போட்டிருப்பதால் வாசகர்களுக்குத் தெரியவரும். இவற்றையெல்லாம் எழுதும் என் லேப்டாப் சாம்பல் நிறம். அதற்கு இருப்பது ஒரே ஒரு வெள்ளை விளக்கு, மிளகு அளவு. மூடி வைத்தால் மெல்ல அணைந்து அணைந்து எரியும். கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார வைக்கப்பட்டவர் மரியாதைக்குத் தலையாட்டுகிற மாதிரி. வாங்கிய நாளிலிருந்து அதைப் பார்த்து யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. எங்களுக்குள் அப்படி ஓர் உறவு.

மகள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு வீட்டில் பொழுது நீளமாகிவிட்டது என்றாள் மனைவி. தையல் அவளுக்கு முன்பே வரும். கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரிக்கு டிசைன் போடக் கற்றுக்கொள்ளப் போவதாகச் சொன்னபோது நான் பெருந்தன்மையோடு என் லேப்டாப்பையே கொடுத்தேன். நான் அலுவலகத்தில் இருக்கும் நேரத்தில், என் மேசையில், என் நாற்காலியில் உட்கார்ந்து அவள் கற்றுக்கொண்டாள். மாலையில் நான் வரும்போது திரையில் பாதி பூத்த பூவோ, ஒரு பக்கச் சிறகு மட்டும் வந்த மயிலோ இருக்கும். "நல்லாருக்கே" என்று சொல்லி, மூடிவிட்டு, என் வேலையைத் தொடங்குவேன். நம் பொருளில் உட்கார்ந்து ஒருவர் கற்றுக்கொள்ளும் வரை பெருந்தன்மை மிகவும் எளிதான குணம்.

அப்புறம் என் மைத்துனன் வந்தான். அவளுடைய தம்பி. ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கிறான். குடும்பத்தில் எந்தப் பொருள் வாங்கினாலும் அவன் வந்து தலையசைத்தால்தான் அது நல்ல பொருள். முன்பெல்லாம் அந்தத் தலை என்னுடையதாக இருந்தது. டிவி, இன்வெர்ட்டர், கல்லூரி விண்ணப்பம், கேஸ் புக்கிங் எல்லாம் என்னைக் கேட்டுத்தான் நடந்தன. அவன் ஸ்டுடியோ திறந்த மறுவருஷமே தலைமாற்றம் நடந்துவிட்டது. எனக்கு அறிவிப்பு ஏதும் வரவில்லை.

அவன் என் லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இந்த வேலைக்குத் தனியாகக் கிராபிக்ஸ் கார்டு வேண்டும், அது உள்ள லேப்டாப் எல்லாம் கேம் ஆடுகிறவர்களுக்கென்றே செய்து வருகிறது, அதனால் விளக்கும் சேர்ந்துதான் வரும், விளக்கு வேண்டாம் என்றால் கார்டும் கிடையாது என்று விளக்கினான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"அத்தான், ஒங்க மெசினு கதை எழுதத்தான் லாயக்கு. அக்கா வேலைக்குத் தாங்காது."

கதை எழுதுவது லேசான வேலை என்பதை இவ்வளவு மரியாதையாக எனக்கு யாரும் சொன்னதில்லை.

புதியது ஒரு மாலையில் வந்தது. பெட்டியைத் திறந்ததும் முதலில் எரிந்தது விளக்குத்தான். திரை அப்புறம்தான் வந்தது. அதில் கம்பெனியே போட்டு அனுப்பிய ஒரு கட்டுப்பாட்டு மென்பொருள் இருந்தது. அதற்கென்று கீபோர்டில் தனியாக ஒரு பட்டன். அமுக்கினால் விமானி அறை மாதிரி ஒரு பலகை விரியும். வட்டமாக முள்ளோடு மீட்டர்கள், வெப்பம் எவ்வளவு, விசிறி எவ்வளவு வேகம், அமைதியாக ஓட வேண்டுமா, நடுத்தரமா, டர்போவா என்று மூன்று நிலைகள். விளக்குக்கென்று தனிப் பக்கம்: அலை, மூச்சு, வானவில், நட்சத்திரத் தூறல். மூச்சு என்பதைத் தேர்ந்தெடுத்தால் விளக்கு நிதானமாக ஏறி நிதானமாக இறங்கும். நான் யோகாசன வகுப்பில் மூன்று வாரம் முயன்றும் வராத மூச்சு அது.

இன்னொரு பக்கத்தில் 'உங்கள் விளையாட்டுகள்' என்று தலைப்புப் போட்டுக் கீழே காலியாக இருந்தது. ஒரு போர் விளையாட்டையாவது ஆடிப் பாருங்கள் என்று அது தினமும் அவளைக் கெஞ்சும். மைத்துனன் ஒருநாள் ஏதோ செய்து, எம்ப்ராய்டரி மென்பொருளையே ஒரு விளையாட்டாக அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டான். அன்றிலிருந்து அவள் நைட்டிக் கழுத்துக்கு ஒரு கொடி வரையத் தொடங்கினாலே மெஷின் அதை யுத்தம் என்று எடுத்துக்கொள்ளும். விசிறிகள் இரைந்து எழும், பட்டை விளக்கு சிவப்பாகும், மீட்டர் முள் துடிக்கும். அத்தனை ஆரவாரத்துக்கு நடுவே அவள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஓர் இலையின் நரம்பைச் சரிசெய்துகொண்டிருப்பாள். எதிரே நான் ஓசையே இல்லாமல் ஒரு பத்தி எழுதிக்கொண்டிருப்பேன். அப்போது யாராவது உள்ளே வந்தால் இந்த வீட்டில் யார் வேலை செய்கிறார்கள் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே வராது.

வீட்டுப் பேச்சும் மாறியது. "இன்னைக்கு எழுபது டிகிரி போயிருச்சு, செத்த நேரம் விட்டுட்டுப் பொறவு பாக்கணும்" என்பாள். ஒருநாள் எனக்குக் காய்ச்சல். நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்து, "லேசாத்தான் இருக்கு" என்று போய்விட்டாள். எனக்கு மீட்டர் கிடையாது.

நவராத்திரி நெருங்கியபோது ஒவ்வொரு நாளுக்கும் என்ன நிறம் என்று அவள் போனுக்கு ஒரு படம் வந்தது. முன்பெல்லாம் புடவையோடு நின்றுவிடும். இப்போது கீபோர்டுக்கும் அதே நிறம். காலையில் விளக்கேற்றிவிட்டு வந்து அந்தத் தனிப் பட்டனை அமுக்கி, ஆரஞ்சு என்றால் ஆரஞ்சு, மயில்பச்சை என்றால் மயில்பச்சை என்று மாற்றுவாள். நான் ஒருநாள் அதே நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றேன். அவள் கவனிக்கவில்லை. அலுவலகத்தில் எல்லோரும் கவனித்தார்கள்.

இதையெல்லாம் கூடப் பொறுத்திருப்பேன். மேசை போனதுதான் பெரிது.

எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இணைப்புள்ள பிளக் ஒன்றே ஒன்று. அது ஜன்னலோரம் இருக்கும் மேசைக்கு மேலே. மின்தடை நாளிலும் அங்கே ஓடும். மேற்கே மலை தெரியும். எழுத எதுவும் தோன்றாத நேரத்தில் மலையைப் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். என் எழுத்தில் பெரும்பகுதி அந்த மலையைப் பார்த்ததுதான். புது லேப்டாப்பின் சார்ஜர் செங்கல் கனம். அது அந்தப் பிளக்கில்தான் ஏறும், அதனால் லேப்டாப் அந்த மேசையில்தான் இருக்கும் என்று மைத்துனன் முடிவு சொன்னான். தற்காலிகமாக என்றார்கள். அதற்கு எதிரே இருந்த சாப்பாட்டு மேசைக்கு நான் வந்தேன். பின்னால் பிரிட்ஜ், முன்னால் பட்டை விளக்கு.

அந்தத் தற்காலிகத்துக்கு ஒரு முடிவும் இருந்தது. சுந்தரபாண்டியம் பக்கம் நைட்டி தைக்கும் யூனிட் ஒன்றில் ஒரே நேரத்தில் பன்னிரண்டு துணியில் தைக்கும் பன்னிரண்டு தலை எம்ப்ராய்டரி மெஷின் ஒன்றைப் புதிதாக இறக்கியிருந்தார்கள். ஆயுத பூஜை போட்டு, மறுநாள் விஜயதசமிக் காலையில் நல்ல நேரத்தில் முதல் ஓட்டம். அதற்கு ஒரு டிசைன் போட்டுத் தரும்படி யூனிட்காரம்மா என் மனைவியிடம் கேட்டிருந்தார். அது சரியாக வந்தால் இனிமேல் அவர்களுடைய டிசைன் வேலை முழுக்க இவளுக்கு. வராவிட்டால் லேப்டாப்பைத் தன் ஸ்டுடியோவுக்கே எடுத்துக்கொள்வதாக மைத்துனன் முதலிலேயே சொல்லியிருந்தான். அப்படிப் போனால் மேசை எனக்குத் திரும்பிவிடும்.

அவள் தோற்க வேண்டும் என்று ஒருநாளும் நான் நினைத்ததில்லை. லேப்டாப் தோற்றால் போதும் என்றுதான் நினைத்தேன். ஒன்றை விட்டு மற்றது தோற்க வழியில்லை என்பதைப் பற்றி அதிகம் யோசிக்காமல் பார்த்துக்கொண்டேன்.

அவள் டிசைனை முடித்து, பூஜைக்கு இரண்டு நாள் முன்பே யூனிட்டுக்கு அனுப்பிவிட்டாள். வேலைக்கோப்பைத் தம்பிக்கும் அனுப்பி ஒரு பார்வை பார்க்கச் சொல்லியிருந்தாள். நன்றாக இருப்பதாக அவன் சொன்னான். என்னிடமும் காட்டினாள். கழுத்தைச் சுற்றி ஓடும் கொடி, இடையிடையே சின்னச் சின்னப் பிச்சிமொட்டு. உண்மையிலேயே அழகாக இருந்தது. "நல்லாருக்கே" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டு வழக்கம் எல்லோர் வீட்டையும் போலத்தான். அரிவாள்மனை, கத்தரிக்கோல், ஸ்கூட்டர் சாவி, என் அகராதி, என் லேப்டாப் என்று எல்லாவற்றையும் துடைத்துப் படத்துக்கு முன்னால் வைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் இட்டு, பூ வைத்துக் கும்பிடுவோம். பொட்டு வைத்த பொருளை மறுநாள் காலையில் விளக்கேற்றிக் கும்பிட்ட பிறகுதான் தொடலாம். அதுவரை அதற்கு ஓய்வு. போனை மட்டும் யாரும் பூஜையில் வைப்பதில்லை; அதற்கு ஓய்வு கொடுக்க எந்தத் தெய்வத்துக்கும் துணிவு வரவில்லை. கடவுள் விஷயத்தில் எனக்குப் பெரிய பிடிப்புக் கிடையாது. ஆனால் வருஷா வருஷம் நடு இடத்தில் செவ்வந்தி சூடி உட்கார்ந்திருந்தது என் லேப்டாப். அந்த நடு இடத்தில் எனக்குப் பிடிப்பு உண்டு.

இந்த முறை நடுவில் அவளுடையது. மூடியைத் திறந்து, விளக்கை அலையில் ஓடவிட்டு, முத்திரை மேல் ஒரு பொட்டு, பவர் பட்டன் மேல் ஒன்று, கேமரா ஓட்டையை அடைக்காமல் ஓரமாக ஒன்று. குங்குமத்தைத் துளைத்துக்கொண்டு விளக்கு எரிந்தது. பார்க்கக் கொஞ்சம் அம்மன் மாதிரியே இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். என்னுடையதைத் தேடினேன். இடப்பக்க மூலையில் கிடந்தது, மேலே பொரிகடலைத் தட்டோடு. அந்த இடத்தில் தளம் ஏறுக்குமாறு. தட்டு ஆடியிருக்கிறது. வீட்டில் தட்டையாக, ஆடாமல், சூடில்லாமல் இருக்கும் ஒரே பொருள் அதுதான் என்று அவள் விளக்கம் சொன்னாள்.

சுண்டலுக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்த விளக்கை வீடியோ எடுத்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு "எந்த பாகுந்தி", எவ்வளவு அழகு, என்று நின்றார். பிறகு தட்டிலிருந்து ஒரு கை பொரி எடுத்துக்கொண்டு, கீழே இருப்பது மணையா என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன்.

அவர்கள் போன பிறகு, பொழுது இன்னும் இருட்டாத நேரத்தில், யூனிட்காரம்மாவிடமிருந்து போன் வந்தது. மெஷினோடு வந்த, துணியை இறுக்கிப் பிடிக்கும் ஃபிரேம் அவர்கள் சொல்லியிருந்ததைவிடச் சிறியது. டிசைன் ஒரு விரற்கடை வெளியே போகிறது. சும்மா சுருக்கினால் தையல் நெருங்கி நூல் அறுந்துவிடும். தையலையே புதிதாக அமைத்து அனுப்ப வேண்டும். காலையில் நல்ல நேரம் சீக்கிரமே வந்துவிடுகிறது, அதனால் இன்றைக்கே வேண்டும். முடியாவிட்டால் தப்பில்லை, மதுரைக்காரர் போட்டுக் கொடுத்த டிசைன் ஒன்று கைவசம் இருக்கிறது, அதை ஓட்டிக்கொள்கிறோம் என்றும் அந்த அம்மா பிரியமாகச் சொன்னார். மதுரைக்காரர் டிசைன் ஓடினால் வேலையும் மதுரைக்காரருக்கு என்பதை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மனைவி போனை வைத்துவிட்டுப் பூஜையைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன்.

"சாமிக்கு வச்சத நாளைக்குக் காலையில தான எடுக்கணும்?"

எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தத் தொனியில் நான் சாமி என்று சொன்னதே இல்லை. அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு வந்த பக்தி பரம்பரைப் பூசாரிக்கும் வந்திருக்காது. அவள் சிரித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். சிரிக்கவில்லை.

"ஆமா. எடுக்கக் கூடாது" என்றாள். அவள் நிஜமாகவே நம்புகிறவள். என்னைப்போல் சமயத்துக்கு நம்புகிறவள் அல்ல.

தம்பியைக் கூப்பிட்டாள், போனை உரக்க வைத்து. அவனுடைய கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூரில் சந்தனம் பூசிக்கொண்டு இதே ஓய்வில் இருந்தன. ஆனால் அவன் இரக்கமில்லாத நவீன மனிதன்.

"அக்கா, பேசாம எடுத்துக்கிடு. நாளைக்கு ரெண்டு சூடம் கூடுதலா ஏத்திருவோம். சாமி என்ன சிசிடிவியா வச்சிருக்கு?"

"ஒன் ஸ்டுடியோவுல இருக்கத நீ எடுப்பியாலே?"

அவன் பேச்சை மாற்றினான். "அத்தான், நீங்களாச்சும் சொல்லுங்க" என்றான்.

தலைமாற்றம் நடந்த பிறகு முதல்முறையாக என் தலையைக் கேட்டார்கள். நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. பக்தனாகவே இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் போதும். டிசைன் போகாது, மதுரைக்காரருடையது ஓடும், மூன்று விளக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறும், ஜன்னலோரம் எனக்கு. ஒருத்தருக்கும் என்மேல் வருத்தம் வராது, கலைமகளே பொறுப்பு. பொறாமைக்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடைப்பது அரிது.

அவள் தரையில் உட்கார்ந்து, யூனிட்காரம்மாவுக்குச் செய்தி எழுதத் தொடங்கினாள். இரண்டு வார்த்தை அடிப்பாள், அழிப்பாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"முடியாதுன்னு எப்படி எழுதுனா மரியாதையா இருக்கும்? நீங்கதான எழுதுறவுக, சொல்லுங்க."

அந்த லேப்டாப் வந்ததிலிருந்து என் தொழிலுக்கு இந்த வீட்டில் வந்த முதல் வேலை அது. கேட்டதும் ஒரு வாக்கியம் தானாகவே உருண்டு வந்துவிட்டது. பணிவும் வருத்தமும் சரியான அளவில், எங்கும் பிசிறில்லாமல், நான் சமீபத்தில் எழுதியதிலேயே நல்ல வாக்கியம். அவளுடைய வேலையை முடித்து வைக்கும் வாக்கியம். அதை நாக்கில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் போனை ஏந்தியபடி காத்திருந்தாள், எழுதிக்கொள்ள. அலை விளக்கு அவள் முதுகுக்குப் பின்னால் எனக்காக ஓடிக்கொண்டிருந்தது.

சொல்ல முடியவில்லை. உடனே மனசு இளகிவிட்டது என்று எழுத ஆசைதான். இளகவில்லை, எரிச்சல்தான் வந்தது. சொல்லவும் முடியாமல், பேசாமல் இருக்கவும் முடியாமல், மத்தியானத்திலிருந்து உள்ளே கிடந்தது வெளியே வந்துவிட்டது.

"உன்னுதுக்கு மட்டும் மூணு பொட்டு. என்னுதுக்கு ஒண்ணுகூட வைக்கலையே நீ. பொரித்தட்டத் தூக்கி வச்சிருக்க."

ஐம்பதை நெருங்கும் ஒரு மனிதன், படித்தவன், நாலு பேருக்கு எழுத்தாளன் என்று தெரிந்தவன், இப்படிச் சொன்னான். போனில் மைத்துனனும் கேட்டுக்கொண்டிருந்தான்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு எழுந்துபோய்த் தட்டை இரண்டு கையாலும் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, குனிந்து, என் லேப்டாப்பின் மூடியைப் பார்த்தாள். போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தாள். புரட்டி அடியிலும் பார்த்தாள். இரண்டு பொரி ஒட்டியிருந்ததே தவிரச் சந்தனம் இல்லை.

"நெசமாவே வைக்கலைங்க" என்றாள். "அப்ப இது பூஜையிலயே இல்ல."

மறுமுனையில் மைத்துனன் கத்தினான், என் மூளையைப் பாராட்டி. இதையெல்லாம் எப்படி அத்தான் யோசிக்கிறீக என்று கேட்டான். நான் அடக்கமாகச் சும்மா இருந்தேன். அந்த மாதிரிச் சமயங்களில் அடக்கம் மிகவும் கைகொடுக்கும்.

அவள் கற்றுக்கொண்ட நாளில் போட்ட பழைய மென்பொருள் என் லேப்டாப்பில் அப்படியே இருந்தது. வேலைக்கோப்பு தம்பியின் போனில் இருந்தது, அனுப்பினான். அவள் புது லேப்டாப்பின் சார்ஜர் செங்கலைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, என்னுடையதை ஜன்னலோர மேசையில் வைத்து இணைத்தாள். வெள்ளை விளக்கு எரிந்தது. திரை வர அது எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் காப்பி போட்டுவிட்டேன்.

புதியதில் கண்ணிமைக்கும் நேரத்தில் ஆகிற காரியம் இதில் ஒவ்வொன்றும் ஒரு யாத்திரை. ஒரு கொடியைப் பிடித்து உள்ளே நகர்த்தினால் முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு வட்டம் சுற்றும். பிறகு கொடி, யோசித்து யோசித்து, நகரும். இரண்டு தடவை உறைந்துபோய், ஆரம்பத்திலிருந்து செய்ய வேண்டியிருந்தது. மீட்டரா, முள்ளா, இந்தச் சிரமத்தைச் சொல்ல அதற்கு வாயே கிடையாது. விசிறி மட்டும் ஆஸ்துமாக்காரர் மாதிரி இழுத்தது. நான் எதிரே உட்காரவில்லை, பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டேன். விசிறிக் காற்று வரும் ஓட்டையின் பக்கம் ஒரு பழைய வாரப்பத்திரிகையால் வீசினேன். அதில் என் கட்டுரை ஒன்று இருந்தது. அதற்கு அன்று ஒரு பயன் கிடைத்தது.

அவள் அதனோடு பேச ஆரம்பித்தாள். "வா தங்கம்… செத்த நேரம்தான்… இன்னும் ஒரு பக்கந்தான் இருக்கு… அம்புட்டுத்தான்" என்று, கன்றுக்குட்டியைப் பாலத்தைத் தாண்ட வைப்பதுபோல். வட்டம் சுற்றும்போது அதன் ஓரத்தை முந்தானையால் துடைத்துவிட்டாள். எத்தனையோ வருஷமாக அதோடு குடும்பம் நடத்துகிறேன், ஒருநாளும் நான் அதைத் தங்கம் என்று கூப்பிட்டதில்லை. அவளும் சமீபத்தில் என்னைக் கூப்பிட்டதில்லை. பத்திரிகையால் வீசிக்கொண்டே, என் சொந்த லேப்டாப்பின் மேல் எனக்குப் பொறாமை வந்தது. வரிசையில் அது ஒன்றுதான் பாக்கி இருந்தது.

பின்னால் பூஜையில் புதியதின் விசிறி திடீரென்று இரைந்தது. அந்தக் கட்டுப்பாட்டு மென்பொருள், யாரும் கேட்காமலே, தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கியிருந்தது. ஓய்வு நாள் என்று அதற்குச் சொல்லியிருக்கவில்லை. விளக்கு எல்லா நிறத்தையும் ஒருமுறை காட்டி ஓய்ந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குப் பரம திருப்தி.

ஒருவழியாக முடிந்தது. யூனிட்டுக்கு அனுப்பினாள். ஃபிரேமுக்குள் அடங்குகிறது என்று பதில் வந்ததும் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். எனக்குள் பாதுகாத்து வைத்திருந்த அந்த நல்ல வாக்கியத்தை அப்போது தேடினேன். அதன் முதல் வார்த்தைகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

மறுநாள் காலை அவள் விளக்கேற்றிக்கொண்டிருந்தபோதே போனுக்கு ஒரு வீடியோ வந்தது. புது மெஷின், மாலை போட்டு, எலுமிச்சை கட்டி. பன்னிரண்டு தலையும் ஒரே நேரத்தில் இறங்கி ஏறி, பன்னிரண்டு கழுத்தில் ஒரே கொடியைத் தைத்துக்கொண்டிருந்தன. ஒரே மொட்டு பன்னிரண்டு இடத்தில் ஒரே நொடியில் விரிந்தது. சுற்றிலும் யூனிட் பெண்கள் கைதட்டுகிற சத்தம். கடைசியில் யூனிட்காரம்மாவின் குரல், "டீச்சர், நூலு ஒரு எடத்துலகூட அறுகல" என்று. என் மனைவி இதுவரை யாருக்கும் டீச்சராக இருந்ததில்லை.

அவள் அதை நாலு தடவை பார்த்தாள். நான் ஐந்தாவது தடவை தனியாகப் பார்த்தேன். அப்போதுதான் இத்தனை நாளாக எனக்கு எதன்மேல் பொறாமை என்பது சரியாகப் பிடிபட்டது. விளக்கின் மேல் அல்ல. மேசையின் மேல்கூட அல்ல. இத்தனை வருஷத்தில் என் கட்டுரைக்காக யாரும் மாலை போட்டு, நல்ல நேரம் பார்த்து, மெஷினை நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்ததில்லை. எப்போது அனுப்பினாலும் சரி, இடமிருந்தால் போடுகிறோம் என்றுதான் சொல்வார்கள்.

மேசை அவளுக்கு என்பது அன்றே முடிவாகிவிட்டது. யாரும் அறிவிக்கவில்லை. மத்தியானம் நானே என் அகராதியையும் கண்ணாடிக் கூட்டையும் இழுப்பறையிலிருந்து எடுத்து வைத்தேன். என் லேப்டாப்பை எடுக்கப்போனபோது மட்டும் அவள் தடுத்தாள். அது அங்கேயே இருக்கட்டும், ஆத்திர அவசரத்துக்கு வேண்டும், எப்போது எந்த ஃபிரேம் மாறும் என்று யாருக்குத் தெரியும் என்றாள். அப்படியென்றால் நான் எதில் எழுதுவது என்று கேட்டேன். அவள் இதைப்பற்றி ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள்.

"மில்லு மாதிரி சிப்ட்டு வச்சுக்கிடுவோம். காலையில மொத சிப்ட்டு நீங்க. எதுல வேணாலும் எழுதிக்கோங்க, எம் மெசின்லகூட. பொறவு நான்."

ஆகவே இப்போதெல்லாம் விடிந்ததும் ஜன்னலோரம் நான் இருக்கிறேன். மலையும் இருக்கிறது. இரண்டு லேப்டாப்பும் மேசைமேல் இருக்கின்றன, இரண்டும் அவளுடையவை. நான் உட்காரும் பக்கத்திலிருந்து பார்த்தால் பட்டை விளக்கு எனக்குத் தெரிவதில்லை, அது காலி நாற்காலியைப் பார்த்து எரிந்துகொண்டிருக்கும். பெரும்பாலும் ஒரு பத்தி நன்றாக வந்துகொண்டிருக்கும்போதுதான் பின்னால் வளையல் சத்தம் கேட்கும். அவள்தான். ஈரக் கையைத் துடைத்தபடி நிற்கிறாள், அவ்வளவுதான். அடுத்த ஷிப்ட் ஆள் வந்துவிட்டால் தறியில் துணி பாதியில் இருந்தாலும் எழுந்துவிட வேண்டியதுதான். எழுந்துகொள்கிறேன்.